சட்டி தண்ணியைக் குடிக்கும்

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிற விளம்பரம் ஒன்றுதான்: மரண அறிவித்தல். பத்திரிகையில் வந்தாலும், வானொலியில் வாசித்தாலும், சந்தியில் மதிலில் ஒட்டியிருந்தாலும் அதைப் பாதியில் விட்டுப் போகிறவர் இல்லை. சைக்கிளில் போகிறவர்கூட ஒரு காலை ஊன்றி நின்று வாசிப்பார். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, எந்தெந்த நாட்டில் பிள்ளைகள், எத்தனை மணிக்குக் கிரியை, எந்த மயானம். இறந்தவர் தனக்கு என்ன முறை, தான் போக வேண்டுமா, எப்போது போக வேண்டும் என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது. எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவருடைய நடையைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது சேர வேண்டிய ஆளுக்குச் சேர்ந்துவிடுகிறது. விளம்பர எழுத்து என்ற தொழிலைக் கற்கத் தொடங்கியபோது நான் முதலில் வெட்டி ஒட்டிவைத்துப் படித்தவை இந்த அறிவித்தல்கள்தான்.

எனக்கு வீடு நாவற்குடா. வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற எழுவான்கரை நிலத்தில், கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் நடுவே உள்ள ஊர். பகலில் கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பற்றுச்சீட்டு, வவுச்சர், சம்பளப் பட்டியல், மாத முடிவில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று. எனக்குப் பிடித்த வேலை. அதை விட்டு ஓட வேண்டுமென்று நான் இன்னொரு தொழிலைத் தேடவில்லை. 2022ஆம் ஆண்டுதான் தேட வைத்தது.

அந்த ஆண்டு மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் சில கிழமைகளில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. சம்பளப் பட்டியல் தயாரிக்கிற ஆள் நான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதே தொகைதான் இருந்தது. அதைக் கொண்டு வாங்கக்கூடிய அரிசியும் பால்மாவும் மாதாமாதம் குறைந்தன. கூட வேலை செய்த இளம் பிள்ளைகள் கட்டாருக்கும் டுபாய்க்கும் போகப் பாஸ்போட் எடுத்தார்கள். வயதான அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்கு அது முடியாது. இருந்த இடத்திலிருந்தே இரண்டாவது வருமானம் வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். தமிழ் இருந்தது, வாசிக்கக்கூடிய அளவு ஆங்கிலம் இருந்தது, கணக்கு இருந்தது.

விளம்பரம் எழுதும் தொழிலைப் படிப்பிக்க இணையத்தில் விலை கூடிய வகுப்புகள் ஏராளம். நான் ஒன்றுக்கும் காசு கட்டவில்லை, கட்டத் தேவையும் இல்லை என்றுதான் இப்போதும் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். குளோட் ஹொப்கின்ஸ் என்ற அமெரிக்கர் 1923இல் எழுதிய சிறிய நூலொன்று இருக்கிறது. விளம்பரத்தை அளந்து பார்த்துச் செய்யும் தொழிலாக விளக்கும் நூல். அமெரிக்காவில் அதன் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இலவசமாகவே இறக்கி வாசிக்கலாம். விளம்பர எழுத்தாளர் டேவிட் ஒகில்வியின் நூல்களை ஒருவரிடம் இரவல் வாங்கி வாசித்தேன். ஒகில்வி எழுத வருமுன் ஸ்கொட்லாந்தில் வீடு வீடாகப் போய் ஆகா என்ற அடுப்பை விற்றவர். 1935இல் அந்த அடுப்பை எப்படி விற்பது என்று மற்ற விற்பனையாளர்களுக்காக ஒரு கைநூல் எழுதினார். பிற்காலத்தில் ரோல்ஸ் ரொய்ஸ் காருக்கு எழுதும்போது மூன்று கிழமை அந்தக் காரைப் பற்றி வாசித்துக்கொண்டே இருந்தாராம். அவருக்குப் பெரும் பேர் வாங்கிக் கொடுத்த தலைப்பு, மணிக்கு 60 மைல் வேகத்தில் அந்தக் காருக்குள் கேட்கும் மிகப் பெரிய சத்தம் மணிக்கூட்டின் சத்தம்தான் என்பது. அது அவர் கற்பனை செய்த வரி அல்ல. ஒரு மோட்டார் இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னது. ஒகில்வி செய்தது, ஆயிரம் வரிக்குள் கிடந்த அந்த ஒரு வரியை அடையாளம் கண்டது.

கணக்குப் பிரிவில் இருக்கிற எனக்கு இது உடனே விளங்கியது. ஒரு கட்டுப் பற்றுச்சீட்டுக்குள் எந்த ஒன்று மொத்தத்தை மாற்றுகிறது என்று தேடுவதுதான் என் பகல் வேலை.

எழுதிப் பழக பெஞ்சமின் பிராங்கிளின் தன் வரலாற்றில் சொல்லும் வழியை எடுத்துக்கொண்டேன். அவர் சிறுவயதில் நல்ல கட்டுரைகளைக் குறிப்பாகச் சுருக்கி வைத்து, சில நாள் கழித்து அந்தக் குறிப்பிலிருந்து கட்டுரையைத் தானே மீண்டும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். நான் வீரகேசரி, தினகரன் ஞாயிறு பதிப்புகளில் வரும் முழுப்பக்க விளம்பரங்களை எடுத்தேன். அதில் உள்ள தகவலை மட்டும் பழைய கணக்குக் கொப்பியின் இடதுபக்கம் வரிசையாக எழுதுவேன். ஒரு கிழமை கழித்து வலதுபக்கம் அதை வைத்து நானாக எழுதுவேன். விடிய வெள்ளன எழும்பி, கோயில் மணிக்கும் பள்ளிவாசல் பாங்குக்கும் இடைப்பட்ட நேரத்தில் நடந்த வேலை இது. பல விளம்பரங்களில் இடதுபக்கம் எழுத ஒன்றுமே இருக்கவில்லை. தரம், நம்பிக்கை, பாரம்பரியம், உங்கள் குடும்பத்தின் தெரிவு என்று பக்கம் நிறையச் சொல் இருக்கும். தகவலாக எடுத்து எழுதத் தொலைபேசி இலக்கம் ஒன்றுதான் மிஞ்சும். அந்த வெற்று இடதுபக்கங்கள் எனக்கு ஒரு வகுப்புக்குச் சமம்.

முதல் உண்மையான வேலை ஆரையம்பதியில் தயிர் போடும் ஒரு அக்காவிடமிருந்து வந்தது. எங்கள் அலுவலகத்துக்குச் சட்டித் தயிர் கொண்டுவருகிறவர். மகன் அவருக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கிக் கொடுத்திருந்தான். அதில் போட நாலு வரி எழுதித் தரச் சொன்னார். ஹொப்கின்ஸ் சொல்லும் ஒரு கதை அப்போது என் மனதில் இருந்தது. ஷ்லிட்ஸ் என்ற பியர் கொம்பனிக்கு எழுதப் போனவர், முதலில் மில்வோக்கியில் இருந்த அவர்களுடைய பியர் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். வடிகட்டிய காற்று உள்ள கண்ணாடி அறைகள், நாளுக்கு இரண்டு முறை கழுவும் குழாய்கள், இயந்திரத்தில் நாலு முறை சுத்தம் செய்யும் போத்தல்கள். இதையெல்லாம் ஏன் சொல்வதில்லை என்று கேட்டதற்கு, எல்லாப் பியர்க்காரரும் இப்படித்தானே செய்கிறார்கள் என்றார்களாம். எல்லோரும் செய்வதை முதலில் சொன்னவர் ஹொப்கின்ஸ். ஐந்தாவது இடத்தில் இருந்த அந்தப் பியர் சில மாதங்களில் முதலிடத்தைத் தொட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு மதுவுக்கும் புகையிலைக்கும் விளம்பரம் எழுத முடியாது. நல்ல சட்டம். கதையின் பாடத்தை நாங்கள் தயிருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பின்னேரம் அக்காவின் குசினிக்குப் போய் இருந்தேன். வாவியின் மறுகரையான படுவான்கரையிலிருந்து வந்த எருமைப்பால் பெரிய அண்டாவில் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்கிய பாலை இறக்கி, விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முந்தின நாள் தயிரில் கொஞ்சம் கரைத்து உறை ஊற்றினார். பிறகு மண்சட்டிகளில் வார்த்து, தாளால் வாயைக் கட்டி, அசையாத மூலையில் அடுக்கினார். ஏன் பிளாஸ்ரிக் கோப்பையில் ஊற்றக்கூடாது, அது மலிவுதானே என்று கேட்டேன்.

“சட்டி தண்ணியக் குடிச்சிரும் புள்ள. மறுகா தயிர் இறுகாம என்ன செய்யும்? கோப்பை குடிக்குமா?”

இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த சட்டியை எடுக்கப் போய்விட்டார். அவருக்கு அது சொல்லத் தேவையே இல்லாத விசயம். சூளையில் சுட்ட, மெருகு பூசாத மண்ணில் நுண்துளைகள் உண்டு. தயிரில் பிரிகிற நீரை அது இழுத்துக்கொள்ளும். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் ஏற்கெனவே கட்டியாக உறைகிற தயிர், சட்டியில் இன்னும் இறுகும். மட்டக்களப்பில் தயிர் சாப்பிடாத வீடு இல்லை. ஆனாலும் கடையில் கோப்பைக்கும் சட்டிக்கும் விலை வித்தியாசம் பார்த்துக் கோப்பையை எடுக்கிற இளம் குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. நான் எழுதியது இவ்வளவுதான்: நேற்றுப் பின்னேரம் வார்த்தது, இன்று காலை உங்கள் வாசலில். மண்சட்டி தண்ணியைக் குடிக்கும், தயிர் கட்டியாக நிற்கும். சட்டியைச் சரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கீழே விலையும் இலக்கமும்.

அக்காவுக்கு முதலில் திருப்தி இல்லை. “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, வடிவா ஏதாவது எழுதன் புள்ள” என்றார். வடிவாகவும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதில் தாய்மையும் தூய்மையும் இருந்தன. இரண்டையும் சின்ன நோட்டீசாக அடித்து, ஒன்றை மஞ்சள் தாளிலும் மற்றதைப் பச்சைத் தாளிலும் எடுத்தோம். ஒரே குறுக்கு வீதியில் ஒரு வீட்டுக்கு மஞ்சள், அடுத்த வீட்டுக்குப் பச்சை. தாளைக் கொண்டுவந்து கொடுத்தால் முதல் சட்டியில் விலைக்கழிவு. ஹொப்கின்ஸ் பத்திரிகையில் கூப்பன் வைத்து அளந்ததை நாங்கள் நாவற்குடாவில் தாளின் நிறத்தால் அளந்தோம். சட்டி தண்ணி குடிக்கும் என்ற மஞ்சள் தாள்கள் அக்காவின் லாச்சியில் நிறைந்தன, பச்சை ஆங்காங்கே வந்தது. அன்றிலிருந்து எனக்கும் அக்காவுக்கும் வார்த்தையைப் பற்றி வாக்குவாதம் வந்தால் தாளிடம் விட்டுவிடுவோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் எழுதுவது கொஞ்ச நேரம். கேட்பதும் போய் இருந்து பார்ப்பதும்தான் நீண்ட நேரம். மருதமுனையில் கைத்தறிச் சாரன் விற்கும் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் “நல்ல சாரன் என்று எழுதுங்கோ” என்றார். நேரில் போனபோதுதான் தறியில் ஒரு சாரனுக்கு நூல் ஓட்டுவதிலிருந்து வெட்டி இறக்குவது வரை என்னென்ன நடக்கிறது என்று தெரிந்தது. வெளியே விற்கிற விசைத்தறிச் சாரனின் கரையையும் இதன் கரையையும் பக்கத்தில் வைத்துத் தடவிக் காட்டினார். அந்தத் தடவலில் இருந்துதான் நோட்டீஸ் வந்தது.

ஊர் வேலை மனசுக்கு நிறைவு. காசு வந்தது கொழும்பிலிருந்து. இலங்கையில் பெரிய கொம்பனிகளின் தமிழ் விளம்பரம் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பிறந்து, கடைசி நேரத்தில் தமிழுக்கு வருகிறது. படம் பிடித்து முடிந்திருக்கும், பாட்டுக்கு மெட்டுப் போட்டு முடிந்திருக்கும், வெளியிடும் திகதியும் குறித்திருக்கும். இரவு மின்னஞ்சலில் வரும், காலையில் தமிழ் வேண்டும். பகல் வேலை செய்கிற ஆளுக்கு அந்த நேரம் வசதிதான். ஆனால் எழுதுவது கடினம். நடிகை உதட்டை மூடுகிற இடத்தில் தமிழிலும் ப, ம மாதிரி உதடு மூடும் எழுத்து வர வேண்டும். வாய் திறந்து நிற்கிற இடத்தில் நெடில் வர வேண்டும். சிங்கள மெட்டில் குறுகி விழுகிற அசைக்குத் தமிழில் குறில் தேட வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாப்பு படிப்பித்த ஆசிரியரை இந்த இரவுகளில்தான் நன்றியோடு நினைத்தேன். நேர், நிரை தெரியாமல் இந்த வேலை ஒரு வரிகூட நகராது.

சொல்லைப் பொருத்திவிடலாம், வாழ்க்கையைப் பொருத்துவது அதைவிடக் கடினம். சித்திரை வருடப் பிறப்புக்கு வரும் படங்களில் பால் பொங்கும், எண்ணெய் வைப்பார்கள், பலகாரத் தட்டு கை மாறும். எங்கள் வீடுகளில் மருத்துநீர் வைத்துக் குளித்தால்தான் வருடம் பிறந்த மாதிரி. கைவிசேடத்துக்காகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். போர்த்தேங்காய் அடிக்க இளைஞர்கள் ஆயத்தமாவார்கள். படத்தை மாற்ற என்னால் முடியாது. குரலில் ஒரு வரி மாற்ற முடியும். “மருத்துநீர் வச்சாச்சா?” என்று அம்மா கேட்கும் ஒரே ஒரு வரியை உள்ளே கொண்டுவர ஒரு முறை நீண்ட நேரம் வாதாடினேன். ஒத்துக்கொண்டார்கள். அந்த விளம்பரம் ஓடிய நாட்களில் அந்த வரியை எங்கள் தெருப் பிள்ளைகள் சொல்லித் திரிந்தார்கள். ஒரு கடைசி நேர மொழிபெயர்ப்புக்கும் தன்னைப் பார்த்துப் பேசுகிற பேச்சுக்கும் உள்ள தூரத்தைச் சனம் உடனே உணர்ந்துகொள்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கு எழுதுகிறவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 2012 கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறக்குறைய 5.26 இலட்சம் பேர், அதில் நால்வரில் ஒருவர் முஸ்லிம். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்மொழி தமிழ்தான். வீட்டுக்குள் புழங்கும் சொல் வேறு. நாவற்குடாவில் அக்காவும் அண்ணனும் என்றால், அடுத்திருக்கும் காத்தான்குடியில் ராத்தாவும் நாநாவும். தயிர் நோன்பு காலத்தில் அதிகம் விற்கும். அந்தச் செய்தி அஸர் தொழுகைக்கு முன் போய்ச் சேர வேண்டும், நோன்பு துறக்கச் சாமான் வாங்கப் புறப்படுகிற நேரம் அது. இதை எனக்குச் சொன்னது காத்தான்குடியில் உள்ள ஒரு தோழி. அவள் பார்க்காமல் அந்தப் பக்கம் போகும் ஒரு வரியையும் நான் அனுப்புவதில்லை.

குறுஞ்செய்தி பற்றிச் சிலருக்கு இன்னும் தெரியாத ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழ் யூனிகோடில் அனுப்பும்போது 70தான். அதுவும் நாம் எண்ணுகிற எழுத்து அல்ல. மெய்ப்புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனி இடம் போகும். “மட்டக்களப்பு” என்று எழுதினால் நமக்கு எட்டு எழுத்து, இயந்திரத்துக்கு 12. செய்தி நீண்டு இரண்டாக உடைந்தால் துண்டுக்கு 67ஆகக் குறையும், கட்டணம் இரண்டு மடங்காகும். ஆயிரக்கணக்கில் அனுப்பும் கடைக்கு இது பெரிய தொகை. அதனால் நான் ஊர்ப் பெயரை எங்கே வைப்பது, ஒற்று மிகுகிற தொடரைத் தவிர்த்து எப்படி எழுதுவது என்று காசுக் கணக்காகவே பார்ப்பேன். கொழும்பிலிருந்து எனக்கு நிலையாக வேலை வரத் தொடங்கியதற்கு இந்த எண்ணிக்கை ஒரு முக்கிய காரணம். நான் அனுப்பும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எத்தனை இடம் என்று எழுதியிருக்கும்.

காதுக்கு எழுதுவதை நான் பழைய வானொலியிலிருந்து படித்தேன். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. மயில்வாகனன் தொட்டு அப்துல் ஹமீத் வரைக்கும் அந்த அறிவிப்பாளர்கள் வாசித்த விளம்பரங்களை எங்கள் அம்மா இன்றும் ஒப்பிப்பார். கோபால் பல்பொடி எந்தெந்த நாட்டில் விற்கிறது என்று வரிசையாகச் சொன்னதை அவர் மறக்கவில்லை. நாட்டுப் பெயர்களின் பட்டியல்தான் அது. கேட்கிற மனுசிக்கு அது சாட்சி வரிசையாக விழுந்திருக்கிறது. முப்பது விநாடிக்கு எழுதும்போது வாய்விட்டு வாசித்து, மூச்சு எங்கே எடுக்க வேண்டியிருக்கிறதோ அங்கே வரியை உடைப்பேன். இப்போது தயிர் அக்கா குரல்பதிவாகவே அனுப்புகிறார். எழுதியதை நான் கொடுக்க, அவர் அதைத் தன் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொல்வார். அவர் மாற்றிய இடங்களைத்தான் நான் குறித்துவைக்கிறேன்.

இனி, என்னை இந்தத் தொழிலில் நிலைநிறுத்திய வேலையைச் சொல்கிறேன். அது நான் எழுத மறுத்த வேலை.

குழுக்கடன் கொடுக்கும் ஒரு கொம்பனி கிராமங்களில் பெண்களுக்குக் கொடுக்க நோட்டீஸ் கேட்டது. நல்ல காசு. சொல்ல வேண்டியதையும் அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். பிணை தேவையில்லை, ஒரே நாளில் கையில் காசு, மாதம் நூற்றுக்கு இரண்டு மட்டுமே. நான் கணக்குக்காரி. அந்த “இரண்டு” எதன் மேல் என்று கேட்டேன். முதலில் வாங்கிய தொகையின் மேல், கடைசி மாதம் வரைக்கும். 50,000 ரூபாய் வாங்கினால் ஒரு வருடத்துக்கு வட்டி 12,000. மாதத் தவணை 5,167 ரூபாய் அளவில். முதல் தவணையோடு முதல் குறையத் தொடங்குகிறது, வட்டியோ முழு 50,000த்துக்கும் நடக்கிறது. குறைந்து போகும் நிலுவையின் மேல் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 41 வீதத்தைத் தாண்டும். நூற்றுக்கு இரண்டு என்று கேட்கிற பெண் மனதில் 24 என்றுதான் போடுவாள்.

மட்டக்களப்பில் இந்தக் கடன் என்ன செய்தது என்று யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. யுத்தத்தில் துணையை இழந்த பெண்கள், சுனாமியில் வள்ளத்தை இழந்த குடும்பங்கள், ஒரு கடனை அடைக்க மூன்று கடன் வாங்கியவர்கள், கிழமைத் தவணைக்காரர் வருகிற நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குள் போய் இருப்பவர்கள். 2018இல் அரசு வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யத் திட்டம் கொண்டுவந்தது, மத்திய வங்கி நுண்நிதிக் கடன் வட்டிக்கு 35 வீத உச்ச வரம்பு வைத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. அந்தக் கடன்களையும் யாரோ நல்ல சொல்லால்தான் விற்றிருக்கிறார்கள். என்னைப் போல் ஒருவர் மேசையில் இருந்து, எந்தச் சொல் கையெழுத்துப் போட வைக்கும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்.

வருட வட்டியையும் கட்டி முடிக்கும் மொத்தத் தொகையையும் தலைப்பிலேயே போடுவதென்றால் எழுதுகிறேன் என்று பதில் போட்டேன். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வாங்குபவரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்லும் நடத்தையைத் தடுக்கிறது. எழுதுகிறவர் கையில் அதன் பிரதி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பிறகு ஒரு மாதர் சங்கத்துக்காக நானாகவே ஒரு தாள் எழுதினேன், காசு வாங்கவில்லை. கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை: எவ்வளவு கையில் தருவீர்கள், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், குறைந்த நிலுவைக்கா முழுத் தொகைக்கா வட்டி, ஒரு தவணை தவறினால் என்ன சேரும், பக்கத்து வீட்டுக்காரி கட்டாவிட்டால் நான் கட்ட வேண்டுமா. பக்கத்தில் அந்த 50,000 ரூபாய்க் கணக்கைப் படம் போல் வரைந்தேன். நான் எழுதியவற்றில் அதிகம் பிரதி எடுக்கப்பட்டது அதுதான். கடைப் பலகையிலும் பாலர் பாடசாலைச் சுவரிலும் பார்த்திருக்கிறேன். விற்கிற எழுத்தின் எல்லா உத்தியும் அதில் இருக்கிறது. வாசிக்கிறவளுக்கு வேண்டியது முதல் வரியில், எண் திட்டவட்டம், செய்ய வேண்டியது ஒன்று.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தத் தொழில் முடிந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் பொதுவாக எழுதும் வேலை எனக்கு வருவது குறைந்தது உண்மை. நானும் அதைப் பயன்படுத்துகிறேன். தலைப்புக்கு இருபது மாற்று கேட்பேன், சில சமயம் ஒன்று உதவும். ஆனால் அது ஆரையம்பதிக் குசினியில் போய் இருக்காது. தரம், நம்பிக்கை, பாரம்பரியம் என்ற பழைய பச்சைத் தாளைத்தான் அது இன்னும் வேகமாக எழுதித் தருகிறது. தகவலை நான் தேடிக் கொடுத்தால் அதை ஒழுங்குபடுத்தும். தேடுவது இப்போதும் காலால் நடந்து செய்கிற வேலை.

பகல் வேலையை விடலாமா என்று கேட்டு வருகிற இளம் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 60,000 ரூபாய் சம்பளம் என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் போடுகிறார், 7,200. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,800. சம்பளச் சீட்டில் கைக்கு வராத அந்த 9,000 ரூபாயும் உங்களுடையது. பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் நின்றால் வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை. அதையும் மாதத்துக்குப் பகிர்ந்து கூட்டினால், வேலையை விட்டு எழுத வருகிறவர் 60,000ஐ அல்ல, 71,500ஐத் தாண்ட வேண்டும். அதுவும் எல்லா மாதமும். இந்தத் தொழிலில் எல்லா மாதமும் ஒன்றல்ல. ஏப்ரலுக்கு முன், பெருநாளுக்கு முன், தீபாவளிக்கு முன் நித்திரை இருக்காது. நவம்பர், டிசம்பர் மழையில் வாவி நிறைந்து வீதியில் தண்ணீர் நிற்கும்போது எங்கள் ஊர்க் கடைகள் எதையும் விளம்பரம் செய்வதில்லை. என் கணக்கு இன்னும் அந்தத் தொகையில் நிலையாக நிற்கவில்லை. அது நிற்கும் வரைக்கும் நான் பாலம் தாண்டிப் போவேன். விடியும் முன்னும் இருட்டிய பின்னும் எழுதுவேன். இரண்டில் ஒன்றையும் நான் தாழ்வாக நினைத்ததில்லை. கணக்குப் பிரிவு இல்லாவிட்டால் அந்த 41 வீதம் என் கண்ணில் பட்டிருக்காது.

இப்போது கையில் உள்ளது ஒரு அரிசி ஆலையின் வேலை. பெரிய ஆலைகளின் பைகளுக்குப் பக்கத்தில் தங்கள் பை கண்ணில் படவில்லை என்கிறார்கள், பைக்கு எழுத்து வேண்டுமாம். நெல் எந்தக் கண்டத்திலிருந்து வருகிறது, அவிக்குமுன் எத்தனை மணித்தியாலம் ஊறுகிறது, எங்கே காய்கிறது, மழை வந்தால் யார் ஓடிப்போய்க் குவிக்கிறார்கள், கல் பொறுக்குவது இயந்திரமா ஆளா என்று கேட்க வேண்டும். சனிக்கிழமை போகிறேன்.